மூன்றாண்டுக்கு ஓர் ஊர்

நுழையும்முன்

பிழைப்புத் தேடி ஊர் பெயர்வோரை நாம் அறிவோம். கல்விக்காகவும் மணவாழ்விற்காகவும் ஊர் மாறுவோரையும் அறிவோம். இவற்றுள் எதனாலும் அல்லாமல், நாட்டின் ஆணை ஒன்றினால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு புறப்படும் குடும்பங்களும் நம்மிடையே உள்ளன. படைவீரரைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். அவருடன் பயணம் செய்யும் மனைவி மக்களைப் பற்றிப் படித்தது குறைவு. அவர்களைப் பற்றியது இக்கட்டுரை.

சேலத்திலிருந்து ஆத்தூர், உளுந்தூர்ப்பேட்டை வழியாகச் சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நகரைக் கடந்த சிறிது நேரத்தில் வருவது அயோத்தியாப்பட்டணம். சேலம் – விருத்தாசலம் இருப்புப்பாதையில் இவ்வூருக்கு ஒரு நிலையமும் உண்டு. கோதண்டராமர் கோயிலே ஊரின் அடையாளம். இலங்கையில் போர் முடித்துத் திரும்பிய இராமன், அயோத்தியை அடையும் முன் இங்குத் தங்கினான் என்றும், முடிசூடிய கோலத்தை இவ்வூரில் காட்டினான் என்றும் ஊர்மக்கள் கூறுகின்றனர். வரலாறு வேறு, வழிவழியாக வரும் கதை வேறு. ஆயினும், போருக்குச் சென்றவன் வீடு திரும்பும் வழியில் அமைந்தது என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஊரில் படைவீரர் குடும்பங்கள் வாழ்வது பொருத்தமாகவே தோன்றுகிறது.

இப்பகுதி மக்கள் குச்சிக்கிழங்கு என்று வழங்கும் மரவள்ளி விளையும் காடுகளையும், அதிலிருந்து சவ்வரிசி எடுக்கும் ஆலைகளையும், தறியோசை கேட்கும் தெருக்களையும் கொண்டது இச்சமவெளி. இங்குள்ள சிற்றூர்களில் வழி கேட்டால், ‘பட்டாளத்துக்காரர் வீட்டுக்கு அடுத்த வீடு’ என்று அடையாளம் சொல்வது இன்றும் வழக்கில் உள்ளது. அப்படிப்பட்ட ஒரு வீட்டை நம் மனக்கண்ணில் நிறுத்துவோம். தந்தை இந்தியத் தரைப்படையில் ஹவில்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் எல்லைப் பகுதியில் பணியாற்றியவர். அங்குக் குடும்பத்தை அழைத்துச் செல்ல இயலாது. இப்போது பஞ்சாப் மாநிலத்தின் பதான்கோட்டுக்கு மாற்றப்பட்டிருக்கிறார். குடியிருப்பும் கிடைத்துவிட்டது. எட்டாம் வகுப்பு முடித்த மகள், மூன்றாம் வகுப்பு முடித்த மகன் ஆகியோருடன் தாய் புறப்பட வேண்டும். தந்தையின் தாய் ஊரிலேயே இருப்பார்.

“அந்த ஊருல நம்ம பேச்சுப் பேசறவங்க இருப்பாங்களா கண்ணு?” என்கிறார் மாமியார்.

“நாலு வீடாவது இருக்கும்னு உங்க பையன் சொன்னாருங்க அத்தை” என்கிறார் மருமகள்.

இந்த நான்கு வீடு என்னும் கணக்கின் பின்னால் இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

பாசறையும் பாளையமும்

தலைவன் வேந்தனின் போர்த்தொழிலுக்காகப் பிரிவதும், தலைவி அவன் சொன்ன கார்காலம் வரை ஆற்றியிருப்பதும் முல்லைத்திணையின் பொருள். பாசறையில் வீரர் பெண்டிரோடு கூடியிருத்தல் இல்லை என்பது தொல்காப்பியக் கற்பியல் காட்டும் மரபு. படைத்தொழிலில் நேரடியாக ஈடுபடாத புறத்தோர்க்கு அது பொருந்தும் என்று அடுத்த நூற்பாவிலேயே விலக்கும் தரப்படுகிறது. ஆக, போர் நடக்கும் இடத்திற்குக் குடும்பம் செல்வதில்லை என்பதும், போருக்குப் புறத்தே உள்ளவர்க்கு அத்தடை இல்லை என்பதும் பழந்தமிழர் அறிந்த பாகுபாடுகளே.

பத்துப்பாட்டில் அளவால் சிறியது நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டு. 103 அடிகளே உடையது. அதன் பாசறைக் காட்சியில் காவலுக்கு யவனர் இருக்கின்றனர். யானைப்பாகர்கள் வடமொழிச் சொற்களைச் சொல்லி யானையைப் பழக்குகின்றனர். விளக்குகளை அணையாமல் காக்கும் மகளிரும் அங்கு உளர். பல மொழியினர் ஒரே வேலிக்குள் வாழும் இடமாகப் படைமுகாம் அன்றே இருந்திருக்கிறது. முல்லைப்பாட்டைப் படிப்போர் தலைவியின் காத்திருப்பில் உள்ளம் தோய்வர்; அந்தப் பாகனின் மொழிப்பயிற்சியைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பதான்கோட்டுக்குச் செல்லும் சிறுமியின் நிலை, தலைவியின் நிலையைவிடப் பாகனின் நிலைக்கே நெருக்கமானது.

‘பாளையம்’ என்னும் சொல் படை தங்கும் இடத்தைக் குறித்தது. நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையம், பள்ளிபாளையம் போன்ற பெயர்களைச் சொல்லும்போது அப்பொருள் நம் நினைவுக்கு வருவதில்லை. பெயர்ந்து போகும் படைக்கு உரிய சொல், பெயராமல் நிற்கும் ஊர்களுக்குப் பெயராகிவிட்டது.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையில் நிலை வேறாக இருந்தது. சென்னைப் படையின் சிப்பாய்கள் தம் குடும்பங்களைப் படைவீட்டிலேயே வைத்துக்கொண்டனர். பட்டாளம் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு நடக்கும்போது, மனைவியரும் மக்களும் முதியோரும் வண்டிகளிலும் கால்நடையாகவும் பின்தொடர்ந்தனர். சிப்பாய்களின் ஆண்மக்களைச் சிறுவயதிலேயே படையின் பெயர்ப்பட்டியலில் சேர்த்துச் சிறு தொகை வழங்கும் வழக்கமும் இருந்தது. இன்று நாம் காணும் படைவீரர் குடியிருப்பின் மூதாதை, அந்த ‘லயன்’ வீடுகளே.

இப்படி நடந்தவர்கள் போன இடங்களில் எல்லாம் தமிழை விட்டுச் சென்றனர். திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த படை, அவ்விடம் உடல்நலத்திற்கு ஒவ்வாததால் 1809இல் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. படையுடன் வந்த தமிழ்க் குடும்பங்களும், படைக்குப் பண்டம் விற்க வந்த தமிழ் வணிகரும், கட்டடத் தொழிலாளரும் அல்சூர் முதலிய பகுதிகளில் நிலைபெற்றனர். 1806இல் பெயர்பெற்ற செகந்திராபாத்திலும், நாக்பூரை அடுத்த காம்ப்டியிலும் சென்னைப் படை இருந்தது. அங்கும் தென்னாட்டு மொழிகள் வேரூன்றின. மருமகள் சொன்ன ‘நாலு வீடு’ இவ்வாறு பல ஊர்களில் நானூறாகவும் நாலாயிரமாகவும் வளர்ந்ததுண்டு.

சென்னைப் படையின் மரபில் வந்த மதராஸ் ரெஜிமெண்ட், தன் தொடக்கத்தை 1758ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது; அதன் பயிற்சி மையம் 1947 முதல் நீலகிரியின் வெலிங்டனில் உள்ளது. சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து படைக்குச் சென்றோர் எல்லாரும் அதில்தான் சேர்ந்தனர் என்று கருதுதல் தவறு. பீரங்கிப்படை, பொறியாளர் படை, செய்தித் தொடர்புப்படை, மருத்துவப்படை என எங்கும் அவர்கள் உள்ளனர். 1966 முதல் 1969 வரை தரைப்படையின் தலைமைத் தளபதியாக விளங்கிய பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தவர் என்பது இப்பகுதி மாணவர் அறியத்தக்கது.

அமைதி நிலையம், கள நிலையம்

படைவீரரை ஏன் இத்தனை முறை இடம் மாற்றுகிறார்கள் என்ற கேள்வி இயல்பானது. நாட்டின் எல்லைகளில் பனிமலையும் பாலைவனமும் அடர்காடும் உள்ளன. அங்கு ஒருவரையே நெடுங்காலம் நிறுத்த உடலும் உள்ளமும் இடம் தரா. ஆகவே பணியிடங்கள் அமைதி நிலையம் என்றும் கள நிலையம் என்றும் பிரிக்கப்பட்டு, வீரர் இரண்டிலும் மாறி மாறிப் பணியாற்றுகின்றனர். ஓரிடத்தில் இருப்பது பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். அமைதி நிலையத்தில் குடும்பத்தோடு வாழலாம். கள நிலையத்தில் இயலாது.

மாற்றத்திலும் இருவகை உண்டு. காலாட்படையின் பட்டாலியன் ஒன்று முழுமையாகவே இடம்பெயரும். முன்குழு சென்று புதிய இடத்தைப் பொறுப்பேற்கும், முதன்மைக்குழு பின்தொடரும், கடைசிக்குழு பழைய இடத்தை ஒப்படைத்து வரும். ஏனைய பல பிரிவுகளில் தனித்தனி வீரருக்கே மாற்ற ஆணை வரும். குடும்பங்களைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு சிறிதன்று. முதல் வகையில் அடுத்த வீட்டுக்காரரும் உடன் வருவார். பிள்ளைகளின் நட்பு அறுபடுவதில்லை. இரண்டாம் வகையில் ஒரு குடும்பம் மட்டும் வண்டியேறும். நம் ஹவில்தாரின் குடும்பம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

மாற்ற ஆணை வந்த அன்றே குடும்பம் புறப்பட்டுவிடுவதில்லை. குடியிருப்புகள் தேவையைவிடக் குறைவு. மூப்பு வரிசையில் காத்திருக்க வேண்டும். இக்குறையை நீக்கத் திருமணமான படையினர்க்கு இரண்டு இலட்சத்தை ஒட்டிய வீடுகள் கட்டும் திட்டம் ஒன்று இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடங்கப்பட்டது. எனினும் காத்திருப்பு முற்றிலும் தீரவில்லை. மூன்றாண்டுப் பணிக்காலத்தில் எட்டு மாதம் வீட்டிற்காகக் காத்திருந்தால், பிள்ளைகள் தந்தையுடன் வாழக் கிடைப்பது மீதமுள்ள காலமே.

தகரப்பெட்டி

வீடு மாற்றத்தின் அடையாளச் சின்னம் கறுப்பு வண்ணம் பூசிய தகரப்பெட்டி. அதன்மேல் வெள்ளை எழுத்தில் வீரரின் எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை எழுதப்பட்டிருக்கும். மாற்றத்தின்போது எழுத்தை அழித்துப் புதிய பிரிவின் பெயரை எழுதுவர். பல ஆண்டுகள் பணியாற்றியவரின் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த வண்ணப்பூச்சுகளைச் சுரண்டிப் பார்த்தால் அவர் இருந்த பிரிவுகளை எல்லாம் படிக்கலாம்.

எதை எடுப்பது, எதை விடுப்பது என்பதில் அனுபவம் உள்ள குடும்பங்களுக்குத் தெளிவான கணக்கு உண்டு. கட்டில், மேசை, நாற்காலி போன்றவற்றைக் குடியிருப்பிலேயே வாடகைக்குப் பெறலாம், சுமக்க வேண்டியதில்லை. ஆட்டுக்கல்லைச் சுமந்த காலம் போய்விட்டது. அதன் இடத்தை மின் அரவை எந்திரம் பிடித்துக்கொண்டது. ஆனால் இட்லிக் குண்டானும், முறுக்குப் பிழியும் உழக்கும், ஓராண்டுக்கான புளியும், வறுத்து அரைத்த மிளகாய்த்தூளும் எல்லாப் பயணத்திலும் இடம்பெறும். புழுங்கல் அரிசி வடக்கே எளிதில் கிடைக்காது என்பதால் முதல் மாதத்திற்கு ஒரு சிப்பம் உடன் போகும். கம்பளியும் பஞ்சுப் போர்வையும் போய்ச் சேர்ந்தபின் வாங்குபவை. சேலத்துக் கோடையில் அவற்றை எண்ணிப்பார்க்கவே மனம் வராது.

பழைய குடியிருப்பைக் காலிசெய்வது தனிச் சடங்கு. படைப் பொறியியல் பணித்துறையின் ஊழியர் வந்து, வீட்டை ஏற்றபோது எழுதிய பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். குழாய் எத்தனை, மின்விளக்கு எத்தனை, சன்னல் கண்ணாடி எத்தனை என்று எண்ணி, உடைந்ததற்கு விலை கணக்கிடுவார். சுவரில் பிள்ளைகள் வரைந்த படத்தை அதற்குமுன் சுண்ணாம்படித்து மறைத்துவிடுவது தாய்மாரின் வழக்கம். இல்லையேல் அதற்கும் தொகை கட்ட நேரலாம்.

கன்னியாகுமரியிலிருந்து சம்முவுக்கு அப்பால் வரை செல்லும் ஹிம்சாகர் விரைவு வண்டி சேலத்தில் நின்று செல்லும். பதான்கோட் கண்டோன்மெண்டிலும் நிற்கும். வாரத்திற்கு ஒருமுறை ஓடும் வண்டி. சேலத்தில் ஏறினால் இரண்டு நாள்களுக்கு மேற்பட்ட பயணம். காட்பாடியைக் கடந்ததும் நிலையப் பலகைகளில் தெலுங்கு எழுத்துத் தோன்றும். நாக்பூரில் மராத்தி, போபாலில் இந்தி, இலூதியானாவில் பஞ்சாபி. எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய சிறுவனுக்கு, தன்னால் படிக்க முடியாத எழுத்துகள் இத்தனை உண்டு என்பதே புதுச் செய்தி. இந்தியாவைப் புவியியல் பாடத்தில் படிப்பதற்கும் இப்படிச் சன்னலோரத்தில் படிப்பதற்கும் வேறுபாடு உண்டு என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம். ஏனெனில், பயணத்தின் இனிமையைப் பேசுவோர் போய்ச் சேர்ந்தபின் நிகழ்வதைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

இரண்டு பள்ளிகளுக்கு நடுவில்

படைவீரரின் பிள்ளைகளும் இடமாற்றத்திற்கு உள்ளாகும் நடுவண் அரசு ஊழியரின் பிள்ளைகளும் கல்வியில் பின்தங்குவதை, இரண்டாம் நடுவண் ஊதியக்குழு சுட்டிக்காட்டியது. அதன் பரிந்துரையை ஏற்று, படைப்பிரிவுகள் நடத்திவந்த 20 பள்ளிகளை எடுத்துக்கொண்டு 1963இல் தொடங்கப்பட்டவையே இன்றைய கேந்திரிய வித்யாலயாக்கள். இப்போது அவை 1200க்கும் மேல் உள்ளன. மாஸ்கோ, காட்மாண்டு, தெஹ்ரான் ஆகிய அயல்நாட்டு நகரங்களிலும் உண்டு. எல்லாவற்றிலும் ஒரே பாடத்திட்டம், ஒரே பாடநூல், பெற்றோர் மாற்றப்பட்டால் ஒரு பள்ளியிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் மாறலாம். சேர்க்கையின்போது, பெற்றோர் முந்தைய 7 ஆண்டுகளில் எத்தனை முறை மாற்றப்பட்டனர் என்பதும் கணக்கில் கொள்ளப்படும். இவையன்றி, 1983இல் அமைக்கப்பட்ட தரைப்படை நலக் கல்விச் சங்கம் படைவீரர் பிள்ளைகளுக்கெனத் தனிப்பள்ளிகளை நடத்துகிறது.

ஏற்பாடு நன்று. ஒரு கேந்திரிய வித்யாலயாவிலிருந்து மற்றொரு கேந்திரிய வித்யாலயாவுக்கே எப்போதும் மாறும் பிள்ளைக்கு அது முழுப்பயன் தரும். சிக்கல், நம் ஹவில்தாரின் மகளைப் போன்றோர்க்கு. தந்தை கள நிலையத்தில் இருந்தபோது அவள் அயோத்தியாப்பட்டணத்தில் தமிழ்வழியில் மாநிலப் பாடத்திட்டம் படித்தவள். 1968இல் தமிழ்நாடு இருமொழிக் கொள்கையை ஏற்றதனால், நம் அரசுப்பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமுமே மொழிப்பாடங்கள். பதான்கோட்டில் அவளுக்கு இந்தி புதிது; கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் எழுதுவதும் புதிது. அங்கு அவள் வகுப்புத் தோழர் இந்தியில் எட்டாண்டுப் பயிற்சி உடையவர்.

காலமும் ஒத்துப்போகாது. நம் மாநிலத்தில் கல்வியாண்டு சூனில் தொடங்கும். அங்கே ஏப்ரலில் தொடங்கிவிடும். இங்கு ஆண்டுத்தேர்வு முடிந்து, மாற்றுச்சான்றிதழ் பெற்று, வேறு மாநிலத்திற்குச் செல்வதால் அதில் கல்வி அலுவலரின் மேலொப்பமும் வாங்கி, வண்டியேறிச் சேர்வதற்குள் அங்கே முதல் பருவத்தின் பாதி கடந்திருக்கும். பாடம் நடந்த குறிப்பேடுகளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வாங்கிப் படியெடுப்பதுதான் புதிய ஊரில் அவள் செய்யும் முதல் வேலையாக இருக்கும்.

முதல் சில வாரங்கள் அவள் வகுப்பில் பேசமாட்டாள். இதைக் கூச்சம் என்று எடுத்துக்கொள்வதே வழக்கம். உண்மையில் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆறு மாதத்தில் விளையாட்டிடத்து இந்தி வந்துவிடும். தேர்வுத்தாளின் இந்தி வர இரண்டு ஆண்டுகள் ஆகும். இரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் கணக்கில் நன்கு தேறியவளும் மதிப்பெண்ணில் பின்தங்கியவளாகவே தோன்றுவாள். ‘படைவீரர் பிள்ளைகள் எங்கும் எளிதில் ஒட்டிக்கொள்வார்கள்’ என்னும் பாராட்டு, இந்த இடைக்காலத்தைக் கண்டும் காணாததுபோல் கடந்துவிடுகிறது. ஒட்டிக்கொள்வது உண்மை. அதற்கு அவர்கள் கொடுக்கும் விலையும் உண்மை.

இந்த விலைக்கு அஞ்சியே, சில குடும்பங்கள் வேறு முடிவு எடுக்கின்றன. தாயும் பிள்ளைகளும் சேலத்தில் வாடகைவீடு பிடித்து ஒரே பள்ளியில் தொடர்வர். தந்தை அமைதி நிலையத்திலும் தனியே இருப்பார். விடுமுறையில் மட்டும் சந்திப்பர். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் நெருங்க நெருங்க இம்முடிவு மிகுகிறது. எது சரி என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்வதற்கில்லை. மதிப்பெண்ணைக் காத்தவர் தந்தையின் அருகாமையை இழப்பார். அருகாமையைக் காத்தவர் ஓராண்டு மதிப்பெண்ணை இழக்கக்கூடும். நடுவண் அரசு வழங்கும் கல்விப் படி இரு பிள்ளைகள் வரை கிடைக்கும். அது கட்டணச் சுமையைக் குறைக்குமேயன்றி இத்தெரிவை எளிதாக்காது.

தமிழ் என்ன ஆகிறது?

மூத்தவளுக்கு இந்தி சிக்கல் என்றால், இளையவனுக்குத் தமிழே சிக்கல். அவன் மூன்றாம் வகுப்போடு தமிழ்நாட்டை விட்டுச் செல்கிறான். அவன் சேரும் பள்ளியில் தமிழ்ப்பாடம் இராது. வீட்டில் பேசுவான், பாட்டியோடு தொலைபேசியில் பேசுவான். எழுத்து மட்டும் மெல்ல மெல்லத் தேயும். உயிர்மெய் எழுத்துகளில் முதலில் மறப்பவை அரிதாய் வருபவை. பிறகு ணகர நகர னகர வேறுபாடு போகும். மூன்றாண்டு கழித்துப் பேருந்தின் ஊர்ப்பலகையை உரக்கப் படிக்கச் சொன்னால் தயங்குவான்.

தந்தைக்கு மீண்டும் கள நிலையம் வந்து குடும்பம் ஊர் திரும்பினால், அவன் ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ சேர்வான். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், தமிழ்நாட்டுப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்து தமிழைக் கட்டாயப் பாடமாக்கிப் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை கொண்டுசென்றது. மூன்றாம் வகுப்புத் தமிழோடு நின்றவன் இப்போது ஏழாம் வகுப்புச் செய்யுளை எதிர்கொள்ள வேண்டும். சொந்த ஊருக்கு வந்த பிள்ளை, சொந்த மொழிப் பாடத்தில் அயலான் ஆகிறான். ‘தாய்மொழி எங்கே போய்விடும்’ என்று கவலையின்றிச் சொல்வோர் இந்தப் பிள்ளையின் விடைத்தாளைப் பார்க்க வேண்டும்.

இதனைத் தடுக்க வழிகள் இல்லாமல் இல்லை. 2001இல் தொடங்கப்பட்டு இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்றுள்ள நிறுவனம், மழலைக் கல்வி முதல் பட்டம் வரையிலான தமிழ்ப் பாடங்களை இணையவழியே வழங்குகிறது. அயல்நாட்டுத் தமிழரை எண்ணியே அது பெரிதும் பேசப்படுகிறது. பதான்கோட்டிலும் சோத்பூரிலும் தேஜ்பூரிலும் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அது அதே அளவு தேவை. தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆயினும் நடைமுறையில் பொறுப்பு முழுவதும் ஒருவர் மேலேயே விழுகிறது. இரவுச் சமையல் முடிந்தபின் மகனை அமர்த்தி நாளொன்றுக்குப் பத்து வரி எழுதவைக்கும் தாயே பெரும்பாலான குடியிருப்புகளில் தமிழாசிரியர். அந்தத் தாய்க்கு ஊதியம் இல்லை, பயிற்சி இல்லை, சில வேளைகளில் பிள்ளையின் ஒத்துழைப்பும் இல்லை.

தனியே நடத்தும் குடும்பம்

இத்தாய்மாரைப் பற்றி மேலும் சிறிது சொல்ல வேண்டும். மணமாகி வரும்வரை சேலம் பேருந்து நிலையத்திற்கே துணையுடன் சென்றவர், ஓராண்டிற்குள் தனியாக வங்கிக்கும் படை மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் சென்று அந்நாட்டு மொழியில் பேசுகிறார். தந்தை பயிற்சிக்காகச் சில வாரங்கள் முகாம் சென்றுவிட்டால், பிள்ளையின் காய்ச்சலையும் குழாய்ப் பழுதையும் ஒரே நாளில் அவரே பார்த்தாக வேண்டும். அடுத்த வீட்டில் இருப்பவர் கர்வால் மலைப்பெண்ணாகவோ மராட்டியப் பெண்ணாகவோ இருப்பார். அவர் பிள்ளையை இவர் பார்த்துக்கொள்வதும், இவர் பிள்ளையை அவர் பார்த்துக்கொள்வதும் யாரும் எழுதிவைக்காத ஒப்பந்தம். 1966இல் பதிவுபெற்ற தரைப்படையினர் மனைவியர் நலச் சங்கம் தையல், கணினி முதலியவற்றில் பயிற்சி தருவதோடு, கணவரை இழந்த பெண்களுக்கும் துணைநிற்கிறது.

ஆனால், சொந்தத் தொழில் உள்ள பெண்ணுக்கு இவ்வாழ்க்கை கடினமானது. ஆசிரியப் பயிற்சி பெற்ற ஒருவர் மூன்றாண்டுக்கு ஒருமுறை வேலையை விட்டுவிட்டு, புதிய ஊரில் தற்காலிகப் பணியாளராகத் தொடங்கினால் அவருக்குப் பணிமூப்பு என்பதே இராது. பெட்டிகளைக் கொண்டுசெல்லும் செலவை அரசு ஈடுசெய்கிறது. இந்த இழப்பிற்கு எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை.

ஊரில் இருக்கும் பாட்டிக்கோ முகவரியே ஒரு புதிர். கள நிலையத்தில் உள்ள மகனுக்குக் கடிதம் எழுதும்போது ஊர்ப்பெயர் எழுதுவதில்லை. எண், பெயர், பிரிவு, அதன்கீழ் ‘56 ஏ.பி.ஓ.’ அல்லது ‘99 ஏ.பி.ஓ.’ என்று மட்டும் எழுதுவர். முன்னது தில்லி வழியாகவும் பின்னது கொல்கத்தா வழியாகவும் செல்லும். 1972இல் அஞ்சல் குறியீட்டெண் முறை வந்தபோது, தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் 6இல் தொடங்கும் எண்கள் கிடைத்தன. படை அஞ்சலுக்கு 9 ஒதுக்கப்பட்டது. மற்ற எண்கள் எல்லாம் நிலப்பகுதிகளைக் குறிக்க, 9 மட்டும் எந்த நிலப்பகுதியையும் குறிப்பதில்லை. மகன் எங்கிருக்கிறான் என்று தெரியாமலேயே அவனுக்குக் கடிதம் சேரும்படி ஓர் ஏற்பாடு! இன்று கைப்பேசியில் முகம் பார்த்துப் பேச முடிகிறது. ஆயினும் எல்லைப்பகுதியில் இணைப்புக் கிடைக்காத நாள்களில், அழைப்பு வராததை மருமகளிடம் கேட்கவும் அஞ்சி, கேட்காமலிருக்கவும் இயலாமல் இருக்கும் முதியோர் இச்சமவெளியின் பல வீடுகளில் உள்ளனர்.

தெரிந்து தெளிவோம்

படைவீரர் எங்குப் பணியாற்றினாலும் தம் சொந்த ஊரின் வாக்காளர் பட்டியலில் ‘பணிவாக்காளர்’ எனப் பதிவு செய்துகொள்ளலாம். அவருடன் வசிக்கும் மனைவிக்கும் இவ்வுரிமை உண்டு. பெண் அலுவலர்களின் கணவருக்கு இது முன்பு இல்லை. 2021ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் ‘மனைவி’ என்ற சொல்லை நீக்கி, ‘வாழ்க்கைத்துணை’ என்ற பொருள்தரும் சொல்லை இட்டு அக்குறையை நீக்கியது.

ஊர் திரும்புதல்

படைவீரர் மற்ற அரசு ஊழியரைப்போல அறுபது வயதுவரை பணியாற்றுவதில்லை. பெரும்பாலோர் நாற்பதுகளிலேயே ஓய்வுபெற்று ஊர் திரும்புகின்றனர். அப்போது பிள்ளைகள் கல்லூரிப் பருவத்தில் இருப்பர். ஆறேழு ஊர்களில் வாழ்ந்த அவர்களிடம், “உங்க ஊரு எது?” என்று கேட்டால் உடனே விடை வருவதில்லை. பதான்கோட்டின் பனிமூட்டம் நினைவில் இருக்கும். செகந்திராபாத்தின் விளையாட்டிடம் நினைவில் இருக்கும். அயோத்தியாப்பட்டணம் என்பது கோடை விடுமுறையும் பாட்டியின் குரலுமாகவே நினைவில் தங்கியிருக்கும். தந்தைக்கோ அத்தயக்கம் இல்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதிந்து, அடையாள அட்டையைப் பெற்று, வங்கிக் காவலர் பணிக்கோ வேறு பணிக்கோ விண்ணப்பித்து, இரண்டாம் வாழ்க்கையைத் தொடங்குகிறார். அதே நாள்களில் அவருடைய மனைவி, இத்தனை ஆண்டுகள் தாமே நடத்திவந்த குடும்பத்தை ஊரார் உறவினர் நடுவில் எவ்வாறு நடத்துவது என்று புதிதாகக் கற்கத் தொடங்குகிறார்.

ஒவ்வொரு வீரருக்கும் படையில் ஒரு பணிப்பதிவேடு உண்டு. அதில் ஊர், அஞ்சலகம், வட்டம், மாவட்டம் ஆகியவற்றோடு, வீட்டிற்கு அருகிலுள்ள இருப்புப்பாதை நிலையம் எது என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். விடுமுறைக்குச் செல்வதற்கான பயணச்சீட்டு ஆணை அந்த நிலையத்தின் பெயரிலேயே வழங்கப்படும். பணியிடத்தைக் குறிக்கும் பக்கங்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை நிரம்பிக்கொண்டே போகும். இந்த ஒரு வரியில் மட்டும் ‘சேலம்’ என்று இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் எழுதியது அப்படியே இருக்கும்.

கற்பவை கற்றபின்…

உங்கள் ஊரில் உள்ள முன்னாள் படைவீரர் ஒருவரின் குடும்பத்தினரைச் சந்தித்து, அவர்கள் வாழ்ந்த ஊர்களையும் அங்குப் பிள்ளைகள் பயின்ற மொழிகளையும் கேட்டறிந்து, நேர்காணலாக எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.

வேறு மாநிலத்திலிருந்து உங்கள் வகுப்பில் புதிதாகச் சேரும் மாணவர் ஒருவருக்கு முதல் மாதத்தில் தமிழ் கற்க உதவும் வகையில், பள்ளிச்சூழலில் வழங்கும் ஐம்பது தொடர்களைக் குழுவாகச் சேர்ந்து தொகுக்க.